அப்பா எடைக்கு போட்டதை மகன் தேடுகிறான்! நின்று போன ஆர்.எக்ஸ்.100-க்கு மவுசு குறையாதது ஏன்?

காந்திகிராமம்,

திண்டுக்கல்-மதுரை ரோட்டில் காந்திகிராமம் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கு அந்த சத்தம் பழக்கமானது. பஸ், லாரி இரைச்சலுக்கு நடுவே சின்னாளபட்டி பக்கம் இருந்து "டிர்ர்ர்..." என்று ஒரு குரல் கிளம்பும். டீக்கடையில் டம்ளரை கையில் வைத்திருப்பவர் திரும்பிக்கூட பார்க்க மாட்டார். "ஆர்.எக்ஸ். வருதுப்பா" என்பார். வந்து நிற்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

கதர் நூற்ற ஊரில் ஜப்பான் வண்டிக்கு இத்தனை ரசிகர்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். யமஹா ஆர்.எக்ஸ்.100 இந்தியாவில் அறிமுகமானது 1985 நவம்பரில். மதுரையில் இருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது அதே வருடம் செப்டம்பரில். மாவட்டத்துக்கும் வண்டிக்கும் இரண்டே மாதம்தான் வித்தியாசம். 1996 மார்ச்சில் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன்பிறகு பிறந்த பையன்கள்தான் இன்று அதை தேடி அலைகிறார்கள்.

வந்த புதிதில் 20 ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த வண்டி. பால் கேன் கட்டி ஓடியது, தறிக்கு நூல் மூட்டை சுமந்தது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு சீராக வந்தது. பிறகு பெட்ரோல் விலை ஏறியது. "மைலேஜ் கொடுக்கல, புகை அடிக்குது" என்று பல வீடுகளில் அதை சில ஆயிரத்துக்கு தள்ளிவிட்டார்கள். சிலர் பழைய இரும்பு கடையில் எடைக்கே போட்டார்கள். இன்று அதே வண்டி நல்ல நிலையில் இருந்தால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அதற்கும் ஆள் இருக்கிறது. "எங்கப்பா வித்த வண்டியையே தேடிட்டு இருக்கேன்" என்று நம்பரை எழுதி வைத்துக்கொண்டு திரிபவர்களும் உண்டு.

அப்படி என்னதான் இருக்கிறது இந்த வண்டியில்?

நாதஸ்வர சீவாளி மாதிரி

ஆர்.எக்ஸ்.100-ன் என்ஜின் 98 சி.சி. சக்தி 11 குதிரைசக்தி. வண்டியின் எடை சுமார் 103 கிலோ. இன்று ரோட்டில் அதிகம் ஓடும் ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்சும் ஏறக்குறைய அதே அளவு என்ஜின்தான், 97 சி.சி. ஆனால் அதன் சக்தி சுமார் 8 குதிரைசக்தி, எடை 112 கிலோ. 40 வருடம் முன்பு வந்த வண்டி எடை குறைவு, சக்தி அதிகம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் முன் சக்கரம் லேசாவதற்கு காரணம் இதுதான்.

இதன் ரகசியம் "டூ ஸ்டிரோக்" என்ஜின். இப்போது வரும் பைக்குகள் எல்லாம் "போர் ஸ்டிரோக்". அதில் என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை பெட்ரோல் வெடித்து வண்டியை தள்ளும். டூ ஸ்டிரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு. மேலே வால்வு, கேம் ஷாப்ட், செயின் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் துவாரங்கள்தான் வால்வு வேலையை செய்யும். பாகங்கள் குறைவு, எடை குறைவு.

யமஹா இதில் ஒரு வேலை செய்தது. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே "ரீடு வால்வு" என்று மெல்லிய தகடுகளை வைத்தது. பிஸ்டன் மேலே போகும்போது உள்ளே உறிஞ்சும் வேகத்தில் தகடு திறக்கும், பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகும். பிஸ்டன் கீழே இறங்கும்போது தகடு மூடிக்கொள்ளும், போன காற்று திரும்ப வெளியே வராது. நாதஸ்வரத்தில் சீவாளி இருக்கிறதே, காற்றுக்கு திறந்து மூடி துடிக்குமே, கிட்டத்தட்ட அந்த கதைதான்.

இந்த ஒப்பீடு சும்மா சொல்வதல்ல. யமஹா கம்பெனியின் ஆரம்பமே வாத்தியம்தான். தொரகுசு யமஹா என்பவர் 1887-ல் ஜப்பானில் ரிப்பேரான ஒரு ரீடு ஆர்கனை பழுது பார்த்தார். நம்ம ஊர் ஆர்மோனியத்துக்கு உறவு முறை வாத்தியம் அது. பிறகு தானே ஆர்கன் செய்தார், அவர் கம்பெனி பியானோ செய்தது. அந்த கம்பெனியில் இருந்து 1955-ல் பிரிந்து வந்ததுதான் யமஹா மோட்டார். பெட்ரோல் டேங்கில் இருக்கும் சின்னத்தை உற்றுப் பாருங்கள். மூன்று இசைக்கவைகள். சயின்ஸ் வாத்தியார் மேஜையில் தட்டி காதருகே வைப்பாரே, அதுதான்!

தங்க விலை காருக்கு ஒன்றுவிட்ட தம்பி

உலகத்தில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களில் எதற்கு மதிப்பு அதிகம் என்று விவரம் தெரிந்தவர்களை கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். டொயோட்டா 2000 ஜி.டி.

1965 டோக்கியோ கண்காட்சியில் அதை காட்டினார்கள். 1967 முதல் 1970 வரை தயாரானது. சோதனை கார்களையும் சேர்த்து மொத்தம் செய்தது 351 கார்கள்தான். ஜேம்ஸ்பாண்ட் படத்திலும் அது வந்தது. 1967-ல் வெளியான அந்த படத்தில் நடித்த சீன் கானரி ரொம்ப உயரம், காருக்குள் தலை இடித்தது. கூரையை வெட்டி எடுத்துவிட்டு படம் பிடித்தார்கள். 2013-ல் ஏலத்தில் ஒரு கார் 10 லட்சம் டாலரை தாண்டி விலைபோனது. 2022-ல் பந்தயத்தில் ஓடிய ஒரு கார் 25 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம்ம பணத்துக்கு பல கோடி.

இதை ஏன் காந்திகிராமத்தில் சொல்ல வேண்டும்? பெயர்தான் டொயோட்டா. அந்த காரை டொயோட்டாவுடன் சேர்ந்து உருவாக்கி, தன் தொழிற்சாலையில் தயாரித்துக் கொடுத்தது யமஹா! என்ஜினின் மேல் பாகத்தை மாற்றி வடிவமைத்து 150 குதிரைசக்தி வரவழைத்தது யமஹா. காருக்குள் இருக்கும் மரப்பலகை வேலைக்கு பியானோ செய்யும் அனுபவம் கைகொடுத்தது. சின்ன என்ஜினில் இருந்து பெரிய சக்தியை எடுக்கும் அந்த கம்பெனி கையில்தான் ஆர்.எக்ஸ்.100-ம் உருவானது. கோடீஸ்வரர் வீட்டு காரும், வேப்ப மரத்தடியில் சைடு ஸ்டாண்டில் நிற்கும் பைக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்றால் தப்பில்லை.

அண்ணனை 351 பேருக்கு மேல் வாங்க முடியவில்லை. தம்பியை லட்சக்கணக்கில் வாங்கினார்கள். ஆனால் உழைத்து உழைத்தே பெரும்பாலானவை காயலான் கடைக்கு போய்விட்டன. ஒரிஜினலாக மிஞ்சியது கொஞ்சம்தான்.

"எமதூதன்" என்று பேர் வாங்கிய வண்டி

ஆர்.எக்ஸ்.100-க்கு முன்பே யமஹாவின் பெரிய வண்டி ஒன்று இந்தியாவுக்கு வந்துவிட்டது. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் கொண்டுவந்த ராஜ்தூத் 350. ரசிகர்களுக்கு "ஆர்.டி." இரண்டு சிலிண்டர், 347 சி.சி., ஆறு கியர், சுமார் 30 குதிரைசக்தி. அன்றைக்கு நாட்டில் ஓடிய புல்லட்டின் சக்தியே 18 குதிரைசக்திதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் அந்த வண்டிக்கு முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே டிரம் பிரேக் போட்டு விற்றார்கள். வேகத்துக்கு பழகாத கை, அந்தக் கால ரோடு, டிரம் பிரேக். விபத்துகள் நடந்தன. ராஜ்தூத் என்ற பெயரை "எமதூத்" என்று மாற்றி கூப்பிட ஆரம்பித்தார்கள். பெட்ரோலும் தண்ணீராய் குடித்தது. வாங்க ஆள் குறைந்து 1980-களின் கடைசியிலேயே கடை கட்டிவிட்டது. சென்னை பக்கம் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் ஆர்.டி.யை பார்த்தவர்கள் இன்றும் அதைப்பற்றி பேசினால் நிறுத்த மாட்டார்கள். கிரிக்கெட் வீரர் டோனியின் பைக் கலெக்‌ஷனிலும் இந்த வண்டிக்கு இடம் உண்டு.

ஆர்.டி. ஆசைப்பட்டவர்களின் பட்ஜெட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் ஆர்.எக்ஸ்.100. அந்த சமயத்தில் ஜப்பான் கம்பெனிகள் வரிசையாக வந்தன. ஓசூரில் இருந்து டி.வி.எஸ். கூட்டணியில் சுசுகி, ஹீரோவோடு ஹோண்டா, பஜாஜோடு கவாசாகி. மைலேஜ் வேண்டுமென்றவர்கள் ஹீரோ ஹோண்டா பக்கம் போனார்கள். "இழுவை" வேண்டுமென்றவர்கள் யமஹா பக்கம் வந்தார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்?

வண்டி ஓடாததால் நிறுத்தவில்லை. புகைதான் வில்லன். டூ ஸ்டிரோக்கில் புது பெட்ரோல் காற்று உள்ளே வரும் நேரத்தில் எரிந்த புகை வெளியே போகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சைலன்சர் வழியாக தப்பித்துவிடும். போதாக்குறைக்கு என்ஜினுக்கு போடும் 2டி ஆயிலும் சேர்ந்து எரியும். நீல நிற புகையும் அந்த வாசமும் இதனால்தான். ரசிகர்களுக்கு அது ஊதுபத்தி, பின்னால் வருபவருக்கு இருமல்!

1996-ல் மத்திய அரசின் புகை கட்டுப்பாடு இறுகியபோது ஆர்.எக்ஸ்.100 விடை பெற்றது. அடுத்து வந்த ஆர்.எக்ஸ்.135 வகை வண்டிகளும் 2005-ல் நின்றன. அதே என்ஜினை இனி புதிதாக செய்து விற்க முடியாது. ஆர்.எக்ஸ். என்ற பெயர் மறுபடி வரலாம் என்று 2022-ல் யமஹா தரப்பில் பேச்சு எழுந்தபோதும், பழைய என்ஜின் வரும் என்று யாரும் சொல்லவில்லை. இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலைதான் விலையை ஏற்றிவிட்டது.

இன்னொரு காரணம் மெக்கானிக்குகள். கம்ப்யூட்டர் வைத்து கோளாறு கண்டுபிடிக்க வேண்டிய வண்டி இல்லை இது. சிலிண்டரை கழற்றி, போர் அடித்து, அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டால் மறுபடி புது உயிர். ரோட்டோர ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இதன் ஒவ்வொரு போல்ட்டும் மனப்பாடம். புது வண்டியை கம்பெனி சர்வீசில் விட்டுவிட்டு பில்லை பார்த்து நெஞ்சை பிடிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சைலன்சரில் கை வைக்காதீங்க!

ரசிகர்களே செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. சத்தம் அதிகம் வர வேண்டும் என்று சைலன்சரை வெட்டுவது, உள்ளே இருக்கும் குழாயை உருவிப் போடுவது.

டூ ஸ்டிரோக்கில் சைலன்சர் சத்தம் அடக்க மட்டும் இல்லை. உள்ளே இருந்து கிளம்பும் புகையின் அழுத்தம் சைலன்சருக்குள் மோதி திரும்பி வரும். தப்பித்து ஓடும் பெட்ரோல் காற்றை அது மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அதற்கு தகுந்த மாதிரி கணக்கு போட்டுத்தான் உள்ளே வடிவம் அமைத்திருக்கிறார்கள். அதை வெட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும். பெட்ரோலும் வீண். ஜப்பான்காரன் போட்ட கணக்கை ஆக்சா பிளேடால் அழிப்பது இது.

போலீஸ் கையில் சிக்கினால் அது தனி. மோட்டார் வாகன சட்டப்படி சத்தம், புகை விதியை மீறினால் முதல் தடவையே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஜெயிலுக்கும் இடம் உண்டு. 18 வயது ஆகாத பையன் ஓட்டி மாட்டினால் அப்பாவுக்கு 25 ஆயிரம் அபராதம், 3 வருடம் வரை சிறை!

சிறுமலைக்கு போகிறவர்களும் கவனிக்க வேண்டும். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஆர்.எக்ஸ். பாட்டு பாடும். இறங்கும்போதுதான் ஆபத்து. டூ ஸ்டிரோக் என்ஜின் வண்டியை பிடித்து நிறுத்தாது, முழு பாரமும் பிரேக்கில் விழும். இதில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக்தான், சூடேறினால் பிடிமானம் குறையும். ஆக்சிலேட்டரை முழுதாக மூடி கியரிலேயே இறங்கினால் ஆயில் பம்ப் கொடுக்கும் ஆயிலும் குறைந்துவிடும். பிஸ்டன் "ஜாம்" ஆகி பின்சக்கரம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வப்போது லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து இறங்குவது பழைய ஆட்களின் வழக்கம். ஆயில் டேங்கை பார்க்காமல் மலைக்கு கிளம்புவதை அவர்கள் செய்யவே மாட்டார்கள்.

பளபளப்பை பார்க்காதே, நம்பரை பார்

திண்டுக்கல் பூட்டுக்கே டூப்ளிகேட் போட்டவர்கள் ஆர்.எக்ஸ்.100-ஐ விட்டு வைப்பார்களா? ஆர்.எக்ஸ்.135-க்கு பழைய டேங்க், சைடு கவர் மாட்டி "100 ஒரிஜினல்" என்று விற்பது ஒரு வகை. 100 பாடியில் 135 என்ஜினை ஏற்றுவது இன்னொரு வகை. திருட்டு வண்டிக்கு வேறு வண்டியின் ஆர்.சி.யை சேர்ப்பதுதான் மோசமான வகை. அதில் மாட்டினால் வண்டியும் போகும், பணமும் போகும், ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டும்.

பெயிண்டும் ஸ்டிக்கரும் நேற்று போட்டதாக இருக்கலாம். என்ஜினில் அடித்திருக்கும் நம்பர், பிரேமில் இருக்கும் சேசிஸ் நம்பர், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்தால் எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் தெரியும். அரம் போட்டு தேய்த்த தடம், வெல்டிங் தடம் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் நடையை கட்டுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரை போட்டு, எந்த மாடல், எந்த வருடம் என்று சரிபார்க்கலாம்.

"85 மாடல், ஜப்பான் என்ஜின்" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். தொடக்கத்தில் ஜப்பானில் இருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டிய வண்டிகள் இருந்தது உண்மை. அதற்கு கிராக்கி அதிகம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு விஷயம். "டி.என்." என்று தொடங்கி மாவட்ட எண் வரும் நம்பர் முறை 1989-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பதிவான வண்டிகளுக்கு "டி" என்று தொடங்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். டி.என்.57 நம்பர் பிளேட்டை காட்டி 85 மாடல் என்றால், நம்பர் எப்போது, ஏன் மாறியது என்று கேட்டு ஆர்.சி.யில் பாருங்கள்.

இனி ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாசாரம். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். பசுமை வரியும் உண்டு. புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 300 ரூபாய். 2022 ஏப்ரலில் ஆயிரம் ஆனது. 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்கு 2025-ல் 2 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். ஆர்.எக்ஸ்.100 எல்லாமே இந்த கணக்கில்தான் வரும். "15 வருஷம் தாண்டினா வண்டியை நொறுக்கிருவாங்களாமே" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வண்டிகளுக்கு கெடுபிடி டெல்லி சுற்றுவட்டாரத்தில். தமிழ்நாட்டில் தகுதியோடு இருக்கும் சொந்த வண்டியை புதுப்பித்து ஓட்ட தடை இல்லை. ஆர்.சி. காலாவதி ஆகி கிடக்கும் வண்டியை மலிவாக கிடைக்கிறது என்று வாங்கினால்தான் தலைவலி. பழைய ஓனர் எங்கே, அவர் கையெழுத்து எங்கே, அவர் இறந்துவிட்டால் வாரிசு சான்றிதழ் எங்கே என்று ஒவ்வொன்றாக தேட வேண்டி வரும். வாங்கிய 30 நாளுக்குள் பேர் மாற்றத்துக்கு மனு கொடுக்க வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

மத்திய அரசு 2021-ல் "விண்டேஜ்" வண்டிகளுக்கு தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் இருக்கும் கார், பைக்குகளுக்கு நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்தோடு தனி பதிவு. புது பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு மாதிரி விஷயங்களுக்கு ஓட்டலாம், தினசரி வேலைக்கு கூடாது. டொயோட்டா 2000 ஜி.டி. வயது வண்டிகள் இந்த கணக்கில் எப்போதோ சேர்ந்துவிட்டன. 1985 நவம்பரில் வந்த முதல் ஆர்.எக்ஸ்.100-க்கு அந்த தகுதி வருவது 2035 நவம்பரில். அதுவரை 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆய்வாளர் முன்னால் கிக்கரை உதைத்து காட்டத்தான் வேண்டும்.